மருந்தறிந்து தருபவர்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அம்மருந்தை உடனிருந்து தவறின்றிக் கொடுப்பவர் என்பனவே அந்நான்கு கூறுகள். முதல் மூன்றையும் நாம் எளிதில் நினைவில் கொள்கிறோம். நான்காமவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். வள்ளுவரோ அவருக்கும் மற்ற மூன்றுக்கும் நிகரான இடத்தைக் கொடுத்திருக்கிறார்.

இன்று அந்த நான்காமவரின் பொறுப்பைச் செவிலியரும் மருந்தாளரும் பகிர்ந்துகொள்கின்றனர். இவர்களுள் மருந்தாளரின் பணி என்ன, மருந்தகவியல் கல்விக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது, அக்கல்விக்கு நம்மை எவ்வாறு ஆயத்தப்படுத்திக்கொள்வது என்பவற்றை இப்பகுதியில் காண்போம்.

மருந்தாளர் என்ன செய்கிறார்?

மருந்தாளர் என்றால் அலமாரியில் உள்ள மருந்தை எடுத்துக் கொடுப்பவர் என்று பலர் எண்ணுகின்றனர். ஓர் எளிய கணக்கைப் பார்த்தால் இவ்வெண்ணம் மாறிவிடும்.

12 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். ஒரு வேளைக்கு, ஒரு கிலோகிராம் எடைக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமோல் கொடுக்குமாறு மருத்துவர் குறித்திருக்கிறார் என்று கொள்வோம். குழந்தைக்குத் தேவை 180 மில்லிகிராம். கடையில் இருவகைப் பாராசிட்டமோல் திரவ மருந்துகள் உள்ளன. ஒன்றில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் மருந்து உள்ளது. மற்றொன்றில் அதே 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் உள்ளது. முதல் வகையில் 7.5 மில்லிலிட்டர் கொடுக்க வேண்டும். இரண்டாம் வகையில் ஏறத்தாழ 3.6 மில்லிலிட்டரே போதும். புட்டியை மாற்றி எடுத்து 7.5 மில்லிலிட்டர் கொடுத்தால் குழந்தையின் உடலுக்குள் 375 மில்லிகிராம் செல்லும். அது தேவையான அளவைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று அதே தவற்றைத் தொடர்ந்தால் குழந்தையின் கல்லீரலுக்கே ஆபத்து நேரலாம். இதைத் தடுப்பது படிவம் 1இல் நாம் கற்ற விகிதக் கணக்குதான். ஆனால், அதை ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு முறையும் பிழையின்றிச் செய்ய வேண்டும்.

மருந்தாளரின் பணி கணக்கோடு முடிவதில்லை. ஜெலுத்தோங்கில் உள்ள ஒரு மருந்தகத்தில் பின்வரும் உரையாடல் நடப்பதாகக் கொள்வோம்.

“ஏம்மா, முட்டி வலி தாங்க முடியல. பக்கத்து வீட்டுக்காரவங்க சாப்பிடுற வலி மாத்திரை இது. இதேமாதிரி ஒரு பட்டை குடும்மா.”

“தரேன் பாட்டி. அதுக்கு முன்னால ஒண்ணு கேக்குறேன். இப்ப வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?”

“ரத்தக் கொதிப்புக்கு மட்டும்தான். கிளினிக்குல குடுத்தது. ரொம்ப வருசமா சாப்பிடுறேன்.”

“சிறுநீரகத்தப் பத்தி டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா பாட்டி?”

“கொஞ்சம் கவனமா இருக்கணும்னு போன மாசம் சொன்னாரு. அதுக்கும் முட்டி வலிக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“இருக்கு பாட்டி. இந்த மாத்திரை ரத்தக் கொதிப்ப ஏத்திவிடும். சிறுநீரகத்தையும் பாதிக்கும். பக்கத்து வீட்டுக்காரவங்களுக்கு ஒத்துக்கிட்டது உங்களுக்கு ஒத்துக்காது. இப்போதைக்குப் பூசுற மருந்து ஒண்ணு தரேன். டாக்டருக்கு ஒரு குறிப்பும் எழுதித் தரேன். அடுத்த தடவ போறப்ப அதக் காட்டுங்க.”

பாட்டி கேட்ட மாத்திரையை அந்த மருந்தாளர் விற்கவில்லை. இரண்டே கேள்விகளில் ஒரு சிறுநீரகத்தைக் காப்பாற்ற முயன்றிருக்கிறார். எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அறிந்திருப்பதே அவர் கற்ற கல்வி. அக்கேள்வியைப் பாட்டிக்குப் புரியும் மொழியில், அவர் மனம் நோகாமல் கேட்டது அவருடைய பண்பு. மலாயிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட மருந்துச் சீட்டைப் படிக்க இயலாத முதியோர் பலர் நம் வட்டாரங்களில் உள்ளனர். ‘உணவுக்குப் பின்’, ‘மென்று விழுங்கக் கூடாது’ என்பவற்றைத் தமிழில் தெளிவாகச் சொல்லத் தெரிந்த மருந்தாளர் அவர்களுக்குப் பெரிய துணை.

பிழையின் விலை

மருந்துத் துறையில் ஏன் இத்தனை கட்டுப்பாடுகள் என்ற கேள்விக்கு வரலாறு விடை சொல்கிறது. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சல்ஃபனிலமைடு என்னும் மருந்தைத் திரவ வடிவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மருந்தைக் கரைப்பதற்கு டைஎத்திலீன் கிளைகோல் என்னும் திரவம் பயன்படுத்தப்பட்டது. சுவை, மணம், தோற்றம் ஆகியவற்றைச் சோதித்தவர்கள் அது நஞ்சா என்பதைச் சோதிக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் குழந்தைகளும் பலர். அடுத்த ஆண்டே, புதிய மருந்து பாதுகாப்பானது என்பதை விற்பனைக்கு முன்பே காட்ட வேண்டும் என்னும் சட்டம் அந்நாட்டில் இயற்றப்பட்டது.

அந்நச்சுப்பொருள் இன்றும் மறைந்துவிடவில்லை. ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் குழந்தைகள் பலர் இறந்ததைத் தொடர்ந்து, 2022ஆம் ஆண்டு அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் நான்கு திரவ மருந்துகளைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. அவற்றிலும் டைஎத்திலீன் கிளைகோல் கலந்திருந்தது.

நம் நாட்டில் 1951ஆம் ஆண்டின் மருந்தாளர் பதிவுச் சட்டமும் 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டமும் இத்துறையை நெறிப்படுத்துகின்றன. பதிவுபெறாத எவரும் தம்மை மருந்தாளர் என்று சொல்லிக்கொண்டு தொழில் நடத்த முடியாது. நோய்க்கிருமிக் கொல்லி போன்ற மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றி மருந்தகத்தில் விற்கக் கூடாது. வேறு சில மருந்துகளைச் சீட்டின்றித் தரலாம். ஆயினும், அவற்றை மருந்தாளரே தர வேண்டும். அவ்விற்பனையைப் பதிவும் செய்ய வேண்டும். நாம் வாங்கும் மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல். என்னும் மூன்று எழுத்துகளுடன் தொடங்கும் பதிவெண் உள்ளதா என்று பாருங்கள். அம்மருந்து அரசாங்கத்திடம் பதிவு பெற்றது என்பதற்கு அதுவே அடையாளம்.

வீட்டுக்கு அருகே ஒரு வாய்ப்பு

ஜெலுத்தோங்கிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், குளுகோர் வட்டாரத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1969ஆம் ஆண்டு பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கப்பட்ட இது, முன்பு இராணுவ முகாமாக இருந்த மிண்டன் வளாகத்தில் வளர்ந்தது. 1972ஆம் ஆண்டில் இங்கு மருந்தகவியல் கல்வி தொடங்கப்பட்டது. மலேசியப் பல்கலைக்கழகங்களில் மருந்தகவியலுக்கென அமைந்த முதல் கல்விப் பிரிவு இதுவே. அதற்கு முன் மருந்தாளராக விரும்பியவர்கள் சிங்கப்பூருக்கோ, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கோ செல்ல வேண்டியிருந்தது. தேசிய நச்சு மையமும் இப்பல்கலைக்கழக வளாகத்திலேயே இயங்குகிறது. நச்சுப்பொருளை உட்கொண்டவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களுக்கும், பதற்றத்தோடு அழைக்கும் பொதுமக்களுக்கும் அது தகவல் வழங்குகிறது.

பல்கலைக்கழகம் வீட்டுக்கு அருகில் இருப்பதாலேயே அதில் இடம் கிடைத்துவிடாது. பெர்லிஸ் முதல் சபா வரை உள்ள மாணவர்கள் அதே இடங்களுக்காகப் போட்டியிடுகின்றனர். மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் இக்கல்வி உண்டு. தனியார் துறையில், கெடா மாநிலத்தின் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நம் சமூகத்தினர் பலரும் அறிந்தது. எங்குச் சேர்ந்தாலும், அப்பட்டத்தை மலேசிய மருந்தக வாரியம் அங்கீகரித்துள்ளதா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். அங்கீகாரம் இல்லாத பட்டத்தைக் கொண்டு பதிவு பெறுவது எளிதன்று.

படிவம் 4 முதல் விண்ணப்பம் வரை

மருந்தகவியலுக்கான விண்ணப்பம் உண்மையில் படிவம் 4இலேயே தொடங்கிவிடுகிறது. வேதியியல், உயிரியல், இயற்பியல், கணிதம், கூடுதல் கணிதம் ஆகியவற்றை எடுக்கும் மாணவருக்கே பின்னாளில் வழி விரிகிறது. இவற்றுள் வேதியியல் மிக முக்கியமானது. ஒரு மூலக்கூறு உடலில் எவ்வாறு கரைகிறது, எவ்வாறு சிதைகிறது, எதனோடு வினைபுரிகிறது என்பதே மருந்தகவியலின் அடித்தளம்.

எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் மாணவர்கள் ஆறாம் படிவத்திலோ மெட்ரிகுலேஷன் கல்லூரியிலோ பல்கலைக்கழக அடிப்படைக் கல்வியிலோ சேரலாம். ஆறாம் படிவம் மூன்று தவணைகளைக் கொண்டது. ஒவ்வொரு தவணையிலும் தேர்வு உண்டு என்பதால் கடைசி நேரத்தில் படித்து ஈடுகட்டும் வழி இதில் இல்லை. வேதியியல், உயிரியல் ஆகியவற்றோடு கணிதமோ இயற்பியலோ எடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்திற்குத் தேவையான முயூட் ஆங்கிலத் தேர்வையும் எழுத வேண்டும்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யு.பி.யு. என்னும் இணையவழி முறையில் விண்ணப்பிக்கிறோம். தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வி அடைவுநிலைக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியது. பத்துதானே என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது. ஏறக்குறைய ஒரே தேர்ச்சி பெற்ற இருவருள் ஒருவரைத் தெரிவு செய்யும்போது அந்தப் பத்தே முடிவைத் தீர்மானிக்கலாம். செயிண்ட் ஜான் அம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம், அறிவியல் கழகம், தமிழ்மொழிக் கழகம் என எதில் பங்கேற்றாலும் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்தி, ஆண்டுவாரியாக அடுக்கி வையுங்கள்.

விண்ணப்பத்தில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஒவ்வோர் ஆண்டும் வெளியாகும் தகுதி நிபந்தனைகளை நேரடியாகப் படிக்க வேண்டும். அண்ணனோ அக்காளோ விண்ணப்பித்த ஆண்டின் நிபந்தனை இன்று மாறியிருக்கலாம். இரண்டாவது, படிப்புகளை உண்மையான விருப்ப வரிசையில் இட வேண்டும். மூன்றாவது, எல்லாத் தெரிவுகளையும் கடும் போட்டி நிறைந்த படிப்புகளாலேயே நிரப்பிவிடக் கூடாது. மருந்தகவியலோடு தொடர்புடைய வேதியியல், உயிர்மருத்துவம், உணவுத் தொழில்நுட்பம் போன்றவற்றுக்கும் இடம் தர வேண்டும்.

எதிர்பார்த்த தேர்ச்சி கிடைக்காதவர்களுக்கும் இத்துறையில் இடமுண்டு. எஸ்.பி.எம். தகுதியோடு மருந்தக டிப்ளோமா பயின்று மருந்தக உதவி அதிகாரியாகப் பணியாற்றலாம். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்கள் இப்பயிற்சியை வழங்குகின்றன.

நேர்காணலில் ஒரு கேள்வி

மருந்தகவியல் போன்ற படிப்புகளுக்கு நேர்காணலும் நடைபெறுவதுண்டு. “நீங்கள் ஏன் மருத்துவத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை?” என்ற கேள்வி அங்கு எழக்கூடும். மருத்துவத்திற்கு இடம் கிடைக்காததால் மருந்தகவியலுக்கு வருவோர் உண்டு. அதில் குற்றமில்லை. ஆனால், மருந்தகவியலைத் தோல்விக்குக் கிடைத்த ஆறுதல் பரிசாக எண்ணிக்கொண்டு நான்கு ஆண்டுகள் படிப்பது கடினம்.

இக்கேள்விக்கு மனனம் செய்த விடை உதவாது. விடுமுறையில் அருகிலுள்ள மருந்தகத்துக்குச் சென்று, மருந்தாளரின் அனுமதியோடு சில மணி நேரம் அவரது பணியைக் கவனியுங்கள். எத்தனை பேர் ஆலோசனை கேட்கிறார்கள்? எத்தனை பேர் பொறுமை இழக்கிறார்கள்? நாள் முழுவதும் நின்றுகொண்டே, ஒரே கவனத்தோடு ஒரே வகைப் பணியைத் திரும்பத் திரும்பச் செய்ய உங்களால் இயலுமா? நோயாளியின் அந்தரங்கத்தை வீட்டில்கூடச் சொல்லாமல் காக்க இயலுமா? நீங்களே கண்டறிந்த விடையை நேர்காணலில் இரண்டு நிமிடத்தில் சொன்னால் போதும்.

பணமும் குடும்பமும்

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. எஞ்சிய செலவுகளுக்குப் பி.தி.பி.தி.என். கல்விக் கடனுதவி, பொதுச் சேவைத் துறையின் உபகாரச் சம்பளம், மாநில அரசு, அறவாரியங்கள் ஆகியவற்றின் உதவிகளை நாடலாம். தனியார் பல்கலைக்கழகத்தில் செலவு பன்மடங்கு கூடும். கடன் என்பது திருப்பிச் செலுத்த வேண்டிய தொகை. மாதந்தோறும் எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைக் கையெழுத்திடும் முன்பே பெற்றோரோடு அமர்ந்து கணக்கிடுங்கள். அந்தத் தாளை ஒளித்து வைக்காமல் மேசைமேல் விரித்து வைத்துப் பேசும் குடும்பம் பின்னர் வருந்துவது குறைவு.

முதல் நாளுக்கு முன்

இடம் கிடைத்த பின் வகுப்பு தொடங்கும் வரை உள்ள வாரங்கள் வீணாகக் கூடாது. முதலில் மருத்துவப் பரிசோதனைப் பாரம், கட்டணம், அசல் சான்றிதழ்கள், அவற்றின் நகல்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்ட நாளுக்குள் ஆயத்தம் செய்ய வேண்டும். அடுத்து, வேதியியலில் மோல் கணக்கு, செறிவு, அமிலமும் காரமும், கரிம வேதியியலின் வினைக்குழுக்கள் ஆகியவற்றை மீள்பார்வை செய்ய வேண்டும். மில்லிகிராம், மைக்ரோகிராம் ஆகிய அலகுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் பயிற்சி கைவர வேண்டும். ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் மருந்தின் அளவு பத்து மடங்கு மாறிவிடும்.

பாட நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆதலால், நாளுக்குப் பத்து அறிவியல் சொற்களை அவற்றின் பொருளோடு குறித்து வையுங்கள். அச்சொற்களைத் தமிழிலும் மலாயிலும் எளிமையாக விளக்கிப் பழகுங்கள். வீட்டில் உள்ள மருந்துகளை எடுத்து, பெயர், அளவு, காலாவதித் தேதி ஆகியவற்றைப் பட்டியலிடுவதும் நல்ல பயிற்சி. காலாவதியான மருந்து எத்தனை வீடுகளில் கிடக்கிறது என்பது அப்போது புரியும்.

பட்டம் பெற்ற பின்

நான்கு ஆண்டுக் கல்வியில் மருந்து வேதியியல், மருந்தியல், மருந்தாக்கம், உடலியங்கியல், மருத்துவமனைப் பயிற்சி முதலியன இடம்பெறும். பட்டம் பெற்றவுடன் மருந்தாளராகிவிட முடியாது. தற்காலிகப் பதிவு பெற்று, ஓராண்டு மேற்பார்வையின்கீழ்ப் பயிற்சி பெற வேண்டும். மருந்தகச் சட்டங்கள் குறித்த தேர்விலும் தேற வேண்டும். அதன்பிறகே முழுப் பதிவு கிடைக்கும்.

இங்கே ஓர் உண்மையையும் அறிந்துகொள்ள வேண்டும். பட்டதாரிகளின் எண்ணிக்கை பெருகியதால், 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து புதிய மருந்தாளர்கள் அரசாங்கச் சேவையில் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்டனர். நிரந்தரப் பணி அனைவருக்கும் உறுதி என்ற காலம் மாறிவிட்டது. எனவே, அரசாங்க வேலையை மட்டும் நம்பி இக்கல்வியில் சேர்வது பொருந்தாது. சமூக மருந்தகம், மருந்துத் தொழிற்சாலை, தரக் கட்டுப்பாடு, ஆய்வு, விரிவுரைப் பணி எனப் பல வாயில்கள் உள்ளன. எதை நோக்கிச் செல்கிறோம் என்பதைப் படிக்கும் காலத்திலேயே சிந்திப்பவர் பின்னர் தடுமாறமாட்டார்.

மாணவர்களே, நல்ல தேர்ச்சி பெற்றவர்கள் எல்லாரும் நல்ல மருந்தாளர் ஆவதில்லை. ஐயம் எழுந்தால் மீண்டும் பார்ப்பவர், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கற்றுக்கொள்பவர், அவசரத்திலும் சீட்டை இறுதிவரை படிப்பவர் ஆகியோரிடமே மக்கள் தம் உயிரை நம்பி ஒப்படைக்கின்றனர். அப்பழக்கங்கள் உங்களிடம் இருந்தால், அல்லது அவற்றை வளர்த்துக்கொள்ளும் உறுதி இருந்தால், மருந்தகவியல் உங்களுக்கு ஏற்ற துறை. அவ்வுறுதியை இன்றைய வேதியியல் செய்முறைக் குறிப்பேட்டிலிருந்தே தொடங்கலாம்.

கருத்துணர் வினாக்கள்

1. திருக்குறள் கூறும் மருத்துவத்தின் நான்கு கூறுகள் யாவை?

2. குழந்தையின் எடை 10 கிலோகிராம் எனில், பகுதியில் குறிப்பிட்ட இரு வகைத் திரவ மருந்துகளிலும் எத்தனை மில்லிலிட்டர் கொடுக்க வேண்டும் என்று கணக்கிடுக.

3. மூதாட்டி கேட்ட மாத்திரையை மருந்தாளர் ஏன் கொடுக்கவில்லை? அவருடைய பேச்சில் வெளிப்படும் இரண்டு பண்புகளைக் குறிப்பிடுக.

4. 1937ஆம் ஆண்டு நிகழ்வு மருந்துச் சட்டங்களின் தேவையை எவ்வாறு உணர்த்துகிறது?

5. “மருந்தகவியல் ஆறுதல் பரிசன்று.” இக்கூற்றைப் பற்றி உம் கருத்தை 80 சொற்களில் எழுதுக.

6. உம் வட்டாரத்தில் உள்ள மருந்தாளர் ஒருவரைச் சந்தித்துக் கேட்க விரும்பும் ஐந்து கேள்விகளை எழுதி, குழுவில் கலந்துரையாடுக.